அத்தர் கடையில் மாட்டிய பெட்டி

காற்றை அளக்கும் பெட்டியை ஊரில் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். பஸ் ஸ்டாண்டில் மாட்டலாம், பள்ளிக்கூட மாடியில் மாட்டலாம், சாக்கடைக்கு மேலேகூட மாட்டலாம். அத்தர் கடையில் மட்டும் மாட்டக் கூடாது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, மூக்கு இருந்தால் போதும். ஆனால் அன்றைக்கு ஆரிஃபுக்கு மூக்கும் வேலை செய்யவில்லை, மூளையும் வேலை செய்யவில்லை. வேலை செய்தது வாய் ஒன்றுதான்.

ஆரிஃப் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர். பகலெல்லாம் மோட்டாரை ஓடவிட்டு ஆம்பியரும் சூடும் பார்ப்பவன், வீட்டுக்கு வந்தால் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிடுவான். அவனும் அவனைப் போன்ற சில நண்பர்களும் சேர்ந்து கோயமுத்தூரின் காற்றைத் தாங்களே அளந்து பார்ப்பது என்று கிளம்பியிருந்தார்கள். ஆளுக்கொரு பெட்டி. இன்டர்நெட்டில் ஒரு வரைபடம். பெட்டி இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டுப்போனால் சிவப்பு. சரவணம்பட்டியில் புள்ளி இருந்தது, சிங்காநல்லூரில் இருந்தது, போத்தனூரில்கூட ஒன்று இருந்தது. கோட்டைமேட்டில் இல்லை. அது ஆரிஃபுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கோட்டைமேட்டில் அவனுடைய மாமனார் அமீர் ஹம்சா கடை வைத்திருந்தார். தொப்பி, ஊதுபத்தி, சுர்மா எல்லாம் உண்டு என்றாலும் அது அத்தர் கடை. கண்ணாடி அலமாரி நிறையக் குப்பிகள். வாசலில் பச்சைப் பலகை, அதில் வெள்ளை எழுத்தில் 'ஸ்பிரிட் கலவாத அசல் அத்தர்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் ஆட்கள் வந்தார்கள். தொழப் போகும்போது சாராயச் சத்து கலந்த எதையும் உடம்பில் பூசிக்கொள்ள மனம் ஒப்பாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் கடை அது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அமீர் ஹம்சா கடையைச் சாத்திவிட்டு, ஒரு குப்பியோடு பள்ளிவாசலின் பெரிய வாசலில் போய் நிற்பார். உள்ளே போகிற ஒவ்வொருவரும் கையை நீட்டுவார்கள். புறங்கையில் கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடு. காசு கிடையாது, பேச்சு கிடையாது. எத்தனையோ வருஷமாக நடப்பது.

நல்ல மனுஷன். ஆரிஃபுக்கு அவர்மேல் மரியாதை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் "என்ற மாப்ளைங்க, ரேடியோ ரிப்பேரெல்லாம் நெம்ப நல்லாப் பண்ணுவாரு" என்பார். கல்யாணமான புதிதில் அவருடைய பழைய ரேடியோவை ஆரிஃப் சரிசெய்து கொடுத்திருந்தான். அதோடு சரி, அவர் கண்ணில் அவன் ரேடியோக்காரனாகவே தங்கிவிட்டான். பி.இ. பட்டம் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கி என்ன பயன்?

பெட்டியை மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, "இது உங்க கடைங்க மாப்ள, கேக்கோணுமா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

பெட்டிக்குள் இருந்த சென்சார் ஒரு பிளேட் பிரியாணிக் காசுக்கு ஆன்லைனில் கிடைப்பது. சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரியது, தலையில் ஒரு கம்பி வலை. உள்ளே சூடேறிக்கொண்டே இருப்பதால் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். அதை ஒரு சின்னத் திரையோடு இணைத்திருந்தான் ஆரிஃப். திரையில் ஐந்து வரிகள் ஓடும். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால், அமோனியா, டொலுயீன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய ஆஸ்பத்திரி மெஷின் மாதிரிதான் இருந்தது.

மாட்டிய அன்றைக்குச் சாயங்காலமே வினை வந்தது. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் அத்தர் எடுக்க வந்திருந்தார்கள். எதிர்க் கடை ஜாவித்தும் டீ கிளாஸோடு வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் செல்போன் ரிப்பேர் கடை. அந்தச் சந்தில் எந்தச் செய்தியும் அவர் கடையில் ஏறி இறங்கித்தான் மேலே போகும்.

"இதென்னங்க பாய், சிசிடிவிங்களா?" என்றார் கல்யாண வீட்டுப் பெரியவர், பெட்டியைப் பார்த்து.

"இல்லீங்க. என்ற மாப்ள மாட்டியிருக்காரு. ரேடியோ, டிவி, மிக்ஸி, எதக் குடுத்தாலும் ரிப்பேர் பண்ணிப்போடுவாருங்க" என்றார் அமீர் ஹம்சா.

ஆரிஃபுக்குச் சுருக்கென்றது. மிக்ஸி வேறு சேர்ந்துகொண்டது.

"இது ரிப்பேர் சமாச்சாரம் இல்லீங்க" என்று முன்னால் வந்தான். "காத்துல என்னென்ன வாயு கலந்திருக்குன்னு இது தனித்தனியாப் பிரிச்சுச் சொல்லிப்போடும். கவர்ன்மென்ட்ல லட்சக்கணக்குல செலவு பண்ணி வெக்கறாங்களே, அந்த மாதிரிங்க."

அந்த நேரம் பார்த்து அமீர் ஹம்சா மரிக்கொழுந்துக் குப்பியைத் திறந்து பெரியவர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெட்டிக்குக் கீழேதான் நின்றிருந்தார். திரையில் எண்கள் குதித்தன.

"என்னங்க ஆரிஃப் பாய், உங்க பொட்டி துள்ளுது?" என்றார் ஜாவித்.

ஐந்து வரியும்தான் ஏறின. எதை வேண்டுமானாலும் அவன் படித்திருக்கலாம். கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்றால் அந்தக் கடையில் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? மூன்றாவது வரிதான் எல்லோருக்கும் புரியும். அவன் அதைத்தான் படித்தான்.

"மாமா, உங்க அத்தர்ல ஆல்கஹால் காமிக்குதுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஜாவித்தும் சிரித்தார். "அட, மரிக்கொழுந்துக்குள்ள சாராயமா!" என்றார். கல்யாண வீட்டுப் பையன்கள் சிலரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

அமீர் ஹம்சா சிரிக்கவில்லை. "இருக்காதுங்களே" என்று இன்னொரு குப்பியைத் திறந்து பெட்டிக்குக் கீழே பிடித்தார். ஏறியது. வெட்டிவேரைத் திறந்தார். ஏறியது. கஸ்தூரி, அகில், மல்லிகை என்று ஒவ்வொன்றாக எடுத்து அவரே பிடித்துப் பார்த்தார். ஒன்றுகூட அவருக்குச் சாட்சி சொல்லவில்லை. கடைசிக் குப்பியையும் மூடி அலமாரியில் திருப்பி வைத்தார்.

"இன்னைக்கு ஏவாரம் வேண்டாங்க" என்றார் பெரியவரிடம். "என்ற மாப்ள இன்ஜினியருங்க. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் வெசாரிச்சுப்போட்டு நானே ஊட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

இன்ஜினியர்! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த நிமிஷத்தில் ஆரிஃபுக்கு அது இனித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது ஒருவன், கெட்டது இன்னொருவர்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஜும்மாவுக்கு வந்த ஆரிஃப் பெரிய வாசலில் அந்தக் காட்சியைப் பார்த்தான். அமீர் ஹம்சா எப்போதும் போலக் குப்பியோடு நின்றிருந்தார். ஆனால் அது கடைக் குப்பி இல்லை. அவருடைய அத்தா காலத்துச் சந்தன எண்ணெய், பெருநாளைக்கு மட்டும் பீரோவிலிருந்து வெளியே வருவது. தனக்கே சந்தேகம் வந்துவிட்ட சரக்கை அவர் யார் கையிலும் வைக்க மாட்டார்.

"இது வேறங்க, அசல் சந்தனம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சே இல்லாமல் நடந்துகொண்டிருந்த காரியத்துக்கு இப்போது விளக்கம் தேவைப்பட்டது.

கோயமுத்தூர்க்காரன் முகத்துக்கு நேரே எதையும் மறுக்க மாட்டான். அன்றைக்கும் யாரும் மறுக்கவில்லை. "சளி புடிச்சிருக்குதுங்க பாய், வாசம் ஆகாது" என்றார் ஒருவர். "கையில மருந்து போட்டிருக்கறேனுங்க" என்றார் இன்னொருவர். "ஒளு செஞ்சாச்சுங்க, அப்பறம் வாங்கிக்கறேன்" என்றார் மூன்றாமவர். தொழுகைக்கு முன் கழுவி ஒளு செய்த கையில் அத்தர் படுவதால் ஒன்றும் ஆகிவிடாது என்பது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். மற்றவர்கள் கையை நீட்டினார்கள்; நழுவிய சிலரும் 'ங்க' போட்டுத்தான் பேசினார்கள், சிரித்த முகத்தோடுதான் நகர்ந்தார்கள். அமீர் ஹம்சாவும் "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று சிரித்த முகத்தோடு குச்சியைக் குப்பிக்குள் திரும்ப வைத்தார்.

ஆரிஃபின் முறை வர இன்னும் சிலரே இருந்தார்கள். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினான். சுற்றிக்கொண்டு போய், கை கால் கழுவும் ஹவுலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வாசல் வழியாக உள்ளே நுழைந்தான். அடுத்த வெள்ளியும் அந்த வழிதான். அதற்கடுத்த வெள்ளியும்.

கடையிலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். வரைபடத்தில் கோட்டைமேட்டுப் புள்ளி ராத்திரி பகலாகச் சிவப்பாகவே நின்றதால், செட்டிங் ஏதோ பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டுச் சமையலறை அலமாரியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி சித்திகா, அமீர் ஹம்சாவின் ஒரே மகள், ஒரு நாள் தாய்வீட்டுக்குப் போய்விட்டு முகம் வாடி வந்தாள்.

"ஏனுங்க, அத்தா கடைப் பலகையில ஸ்பிரிட் கலவாதங்கற எழுத்து மேல பேப்பர் ஒட்டி வெச்சிருக்காரு. பாத்தீங்களா?"

"இல்ல."

"சத்தியமங்கலத்து வரதராஜுலு மாமாகிட்டயும் சண்டையாயிருச்சாம்."

ஆரிஃப் நிமிர்ந்தான். வரதராஜுலு சத்தியமங்கலம் பக்கம் பூவிலும் வேரிலும் எண்ணெய் வடிக்கிற பட்டறைக்காரர். கடைச் சரக்கில் பெரும்பகுதி அவரிடமிருந்து வருவது. சித்திகாவின் கல்யாணத்தில் சமையல் பந்தியைக் கவனித்துக்கொண்டதே அவர்தான்.

"அத்தாதான் போன் பண்ணி, இத்தன வருசமா என்னைய ஏமாத்திப்போட்டீங்களேன்னு கேட்டிருக்காரு. அவரு பாவம், எந்த லேபுல வேணும்னாலும் குடுத்துப் பாருங்க பாய், செலவு என்னோடதுன்னு சொன்னாராம். அத்தா என்ன சொன்னாரு தெரியுங்களா? எங்க ஊட்டு மாப்ளையே டெஸ்ட் பண்ணிட்டாருங்க, அதுக்கு மேல என்ன லேபுன்னாராம். அவரு சரிங்கன்னு ஒத்த வார்த்த சொல்லி வெச்சுட்டாரு. மறுநாள் ஆள் வந்து மிச்சச் சரக்கெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க." சித்திகா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அத்தா தொழுதுபோட்டு ரொம்ப நேரம் துவா கேக்கறாருங்க. தெரியாம இத்தன பேரு கையில வெச்சுட்டேனேன்னு அழுவறாருன்னு அம்மா சொல்றாங்க. உங்க மெஷின் நெசமாத்தானுங்களே சொல்லுது?"

"மெஷின் சொல்றதுதான்" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை.

ஊர் தன்னை நம்பியதைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்தது. மாமனார் தன்னை நம்பிவிட்டார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் ஒரு வார்த்தை கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த வாரமே மகள் இல்மாவுக்கு மூக்கடைத்துக்கொண்டது. சித்திகா கொதிக்கிற தண்ணீரில் நீலகிரித் தைலம் சில சொட்டு விட்டு, பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்கச் செய்தாள். சமையலறை முழுக்கத் தைல வாடை. தண்ணீர் குடிக்கப் போன ஆரிஃப் தற்செயலாக அலமாரியைப் பார்த்தான். மூன்றாவது வரி ஏறிக்கொண்டிருந்தது. ஆல்கஹால்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை போர்வைக்குள் உட்கார்ந்து தைலம் முகர்ந்துகொண்டிருக்க, பெட்டி அந்த வீட்டில் சாராயம் இருப்பதாகச் சொன்னது.

அவர்கள் தூங்கப் போனதும் ஆரிஃப் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். ஆவி அடங்கியதும் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிழிந்தான். ஆல்கஹால் ஏறியது. மண்ணெண்ணெய் துடைத்த துணியைக் காட்டினான். ஏறியது. புளித்துப் பொங்கியிருந்த தோசை மாவுப் பாத்திரத்தைத் திறந்தான், அதற்கும் ஏறியது. ஆல்கஹால் மட்டுமா ஏறியது? ஐந்து வரியும் ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின. ஒரே கயிற்றில் கட்டின ஆடுகள் மாதிரி.

லேப்டாப்பைத் திறந்து புரோகிராமைப் பார்த்தான். யாரோ எழுதி இன்டர்நெட்டில் போட்டிருந்ததை அவன் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். இப்போதுதான் வரிவரியாகப் படித்தான். சென்சாரிலிருந்து வருவது ஒற்றைக் கம்பி, ஒற்றை எண். அந்த ஓர் எண்ணையே ஐந்து வெவ்வேறு கணக்கில் பெருக்கி வகுத்து, ஐந்து பெயர் போட்டு, ஐந்து வரியாகக் காட்டியிருந்தது புரோகிராம். 'இந்த இடத்தில் இந்த ஒரு வாயு மட்டும்தான் இருக்கிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தால் அந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள்' என்று எழுதியவனே கீழே குறிப்பும் போட்டிருந்தான். முதலில் நாள் கணக்கில் சூடேற்றிவிட்டுத்தான் சென்சாரை நம்ப வேண்டும் என்றும் இருந்தது. ஆரிஃப் அன்று காலையில் கவரைப் பிரித்துச் சாயங்காலமே மாட்டியவன்.

தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடும் என்று சபையில் மார்தட்டினானே, அதற்கு எதையும் பிரிக்கத் தெரியாது. ஏதோ வாசம் வருகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதைச் சொல்ல அத்தர் கடையில் ஒரு பெட்டி எதற்கு? ஆல்கஹால் என்ற சொல்லைத் திரையில் எழுதியது சென்சார் இல்லை, அவன். ஐந்து சொல்லில் அதைப் பொறுக்கியெடுத்து வாய்விட்டுப் படித்ததும் அவன்தான்.

கம்பெனியில் ஒரு மீட்டரை நம்புவதற்கு முன்னால் அதை இன்னொரு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவனுடைய தொழில். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். சொந்த மாமனார் விஷயத்தில் அது தோன்றாமல் போயிற்று. தனியாக இருந்த அறையில்கூட அவனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு மறுநாளே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். வெட்கம் அப்படி ஓடவிடாது. கடைக்குப் போகலாம் என்று வண்டியை எடுப்பான், கடைக்குச் சற்று முன்னால் உக்கடம் வரை வருவான், அங்கே இருக்கும் குளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுவான். வரைபடத்திலிருந்து புள்ளியை அழித்தான். நண்பர்கள் குழுவில் 'சென்சார் பழுது' என்று போட்டான். அங்கேயும் பழியைச் சென்சார்மேல்தான் போட்டான். அந்த வெள்ளிக்கிழமையும் ஹவுல் பக்கத்து வாசல்தான்.

கடைசியில் சித்திகாவிடம்தான் முதலில் உடைந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கத்துவாள் என்று நினைத்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "இப்பவே போங்க. எங்கத்தா இன்னைக்கு ராத்திரியாச்சும் தூங்கட்டும்" என்றாள்.

கடையில் அமீர் ஹம்சா தனியாக உட்கார்ந்து தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரியில் பாதி காலி.

"வாங்க மாப்ள. இல்மாவுக்குச் சளி தேவலைங்களா?"

ஆரிஃப் நின்றுகொண்டே சொன்னான். ஒற்றைக் கம்பி, ஐந்து பெயர், நீலகிரித் தைலம், தோசை மாவு, எல்லாவற்றையும் சொன்னான். கொண்டுவந்திருந்த பெட்டியை மேஜைமேல் வைத்து ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து காட்டினான். "அத்தர்ல ஒண்ணுமே இல்லீங்க மாமா. நாந்தான் தெரியாமச் சொல்லிப்போட்டேன். என்னைய மன்னிச்சுருங்க" என்றான். தெரியாமல் என்பதும் முழு உண்மை இல்லை. ரேடியோ ரிப்பேர் என்று சொன்ன கோபத்தில் சொன்னது என்பதை அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அமீர் ஹம்சா முதலில் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இத்தனை வருஷமும் தான் யார் கையையும் கெடுக்கவில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. பிறகு அந்த முகம் மாறியது.

"அப்ப நான் வரதராஜுலுவப் பேசுனது?"

ஆரிஃப் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் எழுந்து நின்றார். நின்றபடியே போனை எடுத்து வரதராஜுலுவைக் கூப்பிட்டார். எதிர்முனையில் எடுக்க நேரமாயிற்று.

"ஏனுங்க, நாந்தானுங்க அமீர் ஹம்சா. வெச்சுப்போடாதீங்க, ஒரே நிமிசம். உங்க சரக்குல ஒரு கொறையும் இல்லீங்க. நான் பேசுனது அத்தனையும் தப்புங்க. கால்ல விழுகச் சொன்னாலும் வந்து விழுகறேனுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் ஒரு நொடி ஆரிஃபைப் பார்த்தார். "இல்லீங்க, இல்லீங்க. மாப்ள அன்னைக்கே சரியாத்தானுங்க சொன்னாரு. எனக்குத்தான் அந்த மெஷின் கணக்குப் புரியல. நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு உங்களப் பேசிப்போட்டேன்."

சரக்கில் ஒரு சொட்டுப் பொய் கலக்காத மனுஷன், அவனுக்காக ஒரு பொய் சொன்னார். ஆரிஃபுக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

போனை வைத்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "வெள்ளிக்கெழம பெரிய வாசலுக்கு வாங்க மாப்ள. அந்தப் பொட்டி வேண்டாம், பள்ளிக்கு எதுக்கு அது. நீங்க வாங்க."

அந்த வெள்ளிக்கிழமை ஆரிஃப் எல்லோருக்கும் முன்னாலேயே வந்துவிட்டான். அமீர் ஹம்சாவுக்குப் பக்கத்தில் நின்றான். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த சிலரில் ஜாவித்தும் இருந்தார். இனிமேல் ஒத்திப்போட இடமில்லை.

"ஜாவித் பாய், எல்லாரும் சித்த கேளுங்க" என்றான். "அன்னைக்குக் கடையில நான் சொன்னது தப்புங்க. அந்த மெஷினுக்கு சாராயம் எது, சந்தனம் எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. எந்த வாசம் வந்தாலும் ஏறும். ஆல்கஹால்னு அதுல எழுதி வெச்சது நானுங்க. மாமா அத்தர்ல எப்பவும் ஸ்பிரிட் இருந்ததில்லீங்க."

ஜாவித் தாடியைத் தடவிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே விளங்காத ஒன்றைக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"மெஷின ஆருங்க ஆரிஃப் பாய் நம்புனாங்க? நான் நாளெல்லாம் மெஷினத்தான் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா அதுக யோக்கியதை? அன்னைக்கு ஒரு சிரிப்போட அது முடிஞ்சுபோச்சுங்க. அதுக்கப்பறந்தான் நீங்களே மாமனார் கையால வாங்காம ஹவுல் பக்கத்து வாசல்ல போறீங்கன்னு எல்லாரும் பாத்தோம். ஊட்டு மாப்ளையே வாங்கலைன்னா உள்ள ஏதோ இருக்குதுன்னுதானுங்க நெனைப்போம்?"

முதல் வெள்ளி தயங்கியவர்கள் சிலர்தான். அடுத்தடுத்த வெள்ளியில் அத்தனை பேருக்கும் சளி பிடித்தது தன்னைப் பார்த்துத்தான் என்று ஆரிஃபுக்கு இப்போது புரிந்தது. முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு ஒளிந்து போனான். அந்த ஒளிதலையே ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது. சொன்னதற்காக ஒரு தடவை வெட்கப்பட்டால் போதும் என்று நினைத்திருந்தவனுக்கு, வெட்கப்பட்டதற்காகவும் வெட்கப்பட வேண்டியிருந்தது. அவன் கால் தானாகவே ஹவுல் பக்கம் திரும்பியது.

"மாப்ள" என்றார் அமீர் ஹம்சா. "கைய நீட்டுங்க."

அவன் தயங்கினான்.

"நானும் வாராவாரம் பாத்துட்டுத்தானுங்க நின்னேன். நீங்களே நீட்டலைன்னா வேற ஆரு நீட்டுவாங்க?"

ஆரிஃப் வியர்த்திருந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். குச்சியின் குளிர்ச்சி புறங்கையில் பட்டது. சந்தனம் மணத்தது. அவர் உடனே கையை விட்டுவிடவில்லை. பின்னால் நின்றவர்கள் பார்க்கட்டும் என்பது போலக் கொஞ்ச நேரம் பிடித்தே வைத்திருந்தார்.

ஜாவித் தன் கையைப் பார்த்தார், பிறகு நீட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர் "சளிங்க பாய்" என்று நகர்ந்துவிட்டார். அடுத்தவர் நீட்டினார். ஆரிஃப் உள்ளே போகவில்லை. புதிதாக யார் படியேறி வந்தாலும் அவர்களுக்கு முன்னால் தன் கையை இன்னொரு தடவை நீட்டினான். அமீர் ஹம்சாவும் ஒவ்வொரு தடவையும், முதல் தடவை வைப்பது போலவே, வைத்தார். சிலர் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. பெருநாளைக்கென்று பீரோவில் காத்து வைத்திருந்த எண்ணெயில் பாதிக்குமேல் அன்றைக்கு ஆரிஃபின் கையிலேயே தீர்ந்தது.

"போதுங்க மாப்ள, குத்பா ஆரம்பிச்சுட்டாங்க" என்று, உள்ளே பிரசங்கக் குரல் கேட்டதும், அவர் குப்பியை மூடினார். இரண்டு பேரும் பெரிய வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். தொழுகைக்கு வரிசை கட்டியபோது ஆரிஃபின் கை மணிக்கட்டு வரை எண்ணெயாக இருந்தது. அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அங்கே எல்லோரும் தலை குனிந்துதான் நின்றார்கள், அதனால் அவன் மட்டும் தனியாகத் தெரியவில்லை.